ஓசைக்கு முந்திய கால்



நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் யார் என்பதை அறிய முடிவுக் கோட்டை நோக்குவதே நம் வழக்கம். மார்பு யாருடையது முதலில் கோட்டைக் கடந்தது என்று பார்க்கிறோம், கைதட்டுகிறோம், வீடு திரும்புகிறோம். ஆனால் அவ்வோட்டம் நியாயமாக நடந்ததா என்னும் வினாவுக்கு விடை அங்கே இல்லை. அது புறப்படும் கோட்டில், முதல் வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள், அடங்கிக் கிடக்கிறது. தொடக்க ஓசைக்கு முன்பே ஒருவர் புறப்பட்டுவிடுவதை நம் பள்ளி மைதானங்களில் 'ஃபால்ஸ் ஸ்டார்ட்' என்கிறோம். இந்தப் பேச்சின் அளவில் அதை 'முந்துபுறப்பாடு' என்று வைத்துக்கொள்வோம். அதனைக் கண்டுபிடிக்கும் கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம், அக்கருவியே இல்லாத மைதானங்களில் யாது செய்யலாம் என்பவையே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பௌதிகம் கற்பித்து வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். விளையாட்டு விழா வந்துவிட்டால் பௌதிக ஆசிரியரின் கையில் நிறுத்து கடிகாரம் ஒன்றைக் கொடுத்து முடிவுக் கோட்டருகே நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓட்டப் பந்தயம் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த வெயிலில் நின்று அறிந்ததே, ஓடி அறிந்ததன்று.

முதலில் ஓசையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒளியைப் போல ஓசை நொடிப்பொழுதில் நம்மை எட்டிவிடுவதில்லை. நம் ஊர் வெயிலில், காற்றின் வெப்பம் முப்பது பாகையை எட்டும்போது, ஓசை ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பதினொரு கிலோமீட்டர் தொலைவு என்று கொள்வோம். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் சங்கொலி ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி வரை கேட்கும் வன்மை உடையதாக இருந்தால், அது வந்து சேர அரை நிமிடத்துக்குமேல் ஆகியிருக்கும். ஆலைக்குள் நுழைய வேண்டியவன் நுழைந்து, இயந்திரத்தின் முன் நின்ற பின்னரே இங்கிருப்பவன் சங்கைக் கேட்பான்.

இதனாலன்றோ, முடிவுக் கோட்டில் நிற்கும் நேரக் கணிப்பாளர் துப்பாக்கியின் ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தக் கூடாது, புகையைப் பார்த்தே அழுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்? நூறு மீட்டரைக் கடக்க ஓசைக்கு 0.29 வினாடி பிடிக்கும். ஓசையை நம்பி அழுத்தினால் ஓடுபவருக்கு அவ்வளவு நேரத்தை இனாமாகக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இதே கணக்கு ஓடுபவர்களிடையேயும் உண்டு. ஓர் ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். தொடக்க நடுவர் முதற் பாதையை ஒட்டி நின்று துப்பாக்கியை வெடித்தால், எட்டாம் பாதையில் இருப்பவர் முதற் பாதைக்காரரைவிட எட்டரை மீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறார், 0.024 வினாடி பிந்திக் கேட்கிறார். இது நேர்ப்பாதையில். நானூறு மீட்டர் ஓட்டத்திலோ வளைவின் காரணமாகப் புறப்படும் இடங்கள் படிப்படியாக முன்னே தள்ளி அமைகின்றன. முதற் பாதையின் கோட்டிலிருந்து எட்டாம் பாதையின் கோடு, பாதையின் வளைவில் அளந்தால், 53 மீட்டர் முன்னே உள்ளது. நேர்கோட்டில் அளந்தாலும் 46 மீட்டர் வரும். நடுவர் முதற் பாதையருகே நின்றால், எட்டாம் பாதைக்காரரின் காதை ஓசை எட்ட 0.13 வினாடி வேண்டும். அதற்குள் முதற் பாதைக்காரர் கட்டையை உதைக்கத் தொடங்கியிருக்கக் கூடும்! பெரிய போட்டிகளில் ஒவ்வோர் ஓடுநரின் முதுகுக்குப் பின்னும் ஓர் ஒலிபெருக்கி வைத்திருப்பது இதற்காகவே. இன்றைய தொடக்கத் துப்பாக்கி உண்மையில் மருந்து வெடிப்பதன்று. அது ஒரு மின்விசை. அதை அழுத்தியதும் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே கணத்தில் முழங்குகின்றன. ஓர் ஒளி மின்னுகிறது. கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது.

ஓசை காதை எட்டியாயிற்று. கால் உடனே எழுமோ? எழாது. காதிலிருந்து மூளைக்குச் செய்தி போக வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே கால் தசைக்குக் கட்டளை வர வேண்டும். தசை சுருங்கி விசையை உண்டாக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 9.58 வினாடியில் நூறு மீட்டரைக் கடந்து உலகையே வியக்கச் செய்த உசைன் போல்ட்டுக்கு இதற்கு ஆன நேரம் 0.146 வினாடி. தேர்ந்த ஓட்டக்காரர் பெரும்பாலோர்க்கு 0.12 முதல் 0.16 வரை ஆகும். இதையே எதிர்வினை நேரம் என்கிறோம்.

இந்த எதிர்வினையை எங்கே பிடிப்பது? கண்ணுக்குத் தெரியும் அசைவில் பிடிக்க முயன்றால் காலம் கடந்துவிடும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை இழுப்பதைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். வடம் முதலில் தொய்ந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான கைகள் பற்றியதும் அது விறைக்கிறது. இழுப்போரின் குதிகால்கள் மண்ணில் பதிகின்றன. விசை ஏறிக்கொண்டே போகிறது. தேரோ இன்னும் நின்ற இடத்தில் நிற்கிறது! பிறகே சக்கரம் உருளுகிறது. ஆக, விசை முன்னே, அசைவு பின்னே. தேர் எப்போது இழுக்கப்பட்டது என்று அறிய வேண்டுமானால் சக்கரத்தைப் பார்ப்பதைவிட வடத்தின் விறைப்பை அளப்பதே தக்கது.

ஓட்டக்காரரின் காலடியிலுள்ள புறப்பாட்டுக் கட்டை செய்வது இவ்வேலையே. முன்னாளில் கட்டை கிடையாது. கரண்டியால் மண்ணில் குழி தோண்டி அதில் காலை ஊன்றுவார்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அவ்வாறு குழி தோண்டியே ஓடினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில்தான் கட்டைகள் வந்தன. இப்போது அக்கட்டைக்குள் விசையை உணரும் நுண்கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒமேகா நிறுவனத்தின் கட்டை ஒரு வினாடிக்கு 4,000 முறை அவ்விசையை அளக்கிறது. 'செட்' என்ற கட்டளைக்குப் பின் ஓட்டக்காரர் அசையாது நிற்கும்போது விசைக்கோடு ஏறக்குறைய மட்டமாக இருக்கும். அவர் உதைக்கத் தொடங்கியதும் அக்கோடு மலைச்சரிவு போல் எழும். எழுந்த கணத்தைக் கணிப்பொறி குறித்துக்கொண்டு, துப்பாக்கியின் கணத்தோடு ஒப்பிடுகிறது. இடைவெளி 0.100 வினாடிக்குக் குறைவாயின் நடுவரின் காதில் பொருத்திய கருவியில் ஓர் ஒலி கேட்கிறது. அவர் மறுபடி வெடித்து எல்லோரையும் திரும்ப அழைக்கிறார்.

கவனியுங்கள்: ஓசைக்கு முன் புறப்பட்டவர் மட்டுமல்லர், ஓசைக்குப் பின் பத்தில் ஒரு வினாடிக்குள் புறப்பட்டவரும் குற்றவாளியே. கேட்டு எழுந்திருந்தால் இவ்வளவு விரைவில் எழுந்திருக்க முடியாது. ஆதலின் ஊகித்தே எழுந்திருக்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த 0.100 என்னும் எல்லையைக் கட்டை கண்டுபிடிக்கவில்லை. மனிதர்கள் கூடி வகுத்து, அதனிடம் கொடுத்தார்கள். இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலைக் கூம்பு வடிவில் சுற்றும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகின்ற நூலை அதிலுள்ள 'கிளியரர்' என்னும் மின்கருவி இடைவிடாது அளந்துகொண்டே இருக்கும். தடித்த இடமோ மெலிந்த இடமோ வந்தால் வெட்டிவிடும். எவ்வளவு தடித்தால் வெட்டுவது? அதை ஆலையின் தர அதிகாரி முன்கூட்டியே அமைத்து வைக்கிறார். எல்லையை இறுக்கினால் நல்ல நூலும் அறுபடும். தளர்த்தினால் கெட்ட நூலும் கூம்பேறும். வெட்டுவது கருவி, வெட்டச் சொன்னவர் மனிதர்.

2022-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் அமெரிக்காவில் யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியில் இப்படி ஒரு நல்ல நூல் அறுபட்டது என்பது என் கருத்து. 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் டெவன் ஆலன் என்பவரின் எதிர்வினை நேரம் 0.099 வினாடி என்று கருவி காட்டியது. எல்லைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு! தம் நாட்டு மக்கள் முன்னிலையிலேயே அவர் களத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அரையிறுதியில் அவர் நேரம் 0.101, ஆகவே இயல்பாகவே விரைந்து எழக்கூடியவர் என்பது வெளிப்படை. அப்போட்டியில் மற்றும் பலருடைய எதிர்வினை நேரங்களும் வழக்கத்தைவிடக் குறைந்திருந்ததைப் புள்ளிவிவரம் தொகுப்போர் சுட்டிக்காட்டினர். விசைக்கோடு எந்த இடத்தில் 'எழத் தொடங்கியது' என்று கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே கருவிக்குக் கருவி வேறுபாடு வரக்கூடும் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2009-இல், உலகத் தடகளச் சங்கத்துக்காக ஆராய்ந்த பின்லாந்து நாட்டு அறிஞர்கள், எல்லையை 0.080 அல்லது 0.085 வினாடிக்குக் குறைக்கலாம் என்றும் அதிவேகப் படக்கருவியைத் துணைக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள். எல்லை மாறவில்லை.

தண்டனையோ காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. முன்பு ஒவ்வொருவருக்கும் ஒரு பிழை மன்னிக்கப்பட்டது. 1996-இல் அட்லாண்டாவில் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் மூன்று முறை கலைந்ததை நினைவுகூர்வோர் உண்டு. அவற்றுள் இரண்டு லின்ஃபோர்டு கிறிஸ்டியின் பங்கு. 2003 முதல் ஓடுவோர் அனைவர்க்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு. 2010 முதல் அதுவும் இல்லை. மறு ஆண்டே தென்கொரியாவில் தேகு நகரில் உசைன் போல்ட் முந்திப் புறப்பட்டு வெளியேறினார். அன்று கருவி தேவைப்படவில்லை. உலகமே கண்ணால் கண்டது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் அரையிறுதியில் நம் ஹிமா தாஸும் இவ்விதிக்கு ஆளானார்.

இந்தியருக்கு மிக அண்மையில் இவ்விதியின் உட்பொருளைக் கற்பித்த நிகழ்ச்சி 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்தது. ஆசிய விளையாட்டில் மகளிர் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்று. சீனத்தின் வூ யான்னி ஓசைக்கு முன் எழுந்தார். அவரைத் தொடர்ந்து விசாகப்பட்டினத்து ஜோதி யர்ராஜியும் எழுந்தார். ஜோதிக்கும் விலக்கு அட்டை காட்டப்பட்டது. அவர் அழுதுகொண்டு வெளியேறவில்லை, நின்று வாதாடினார். பதிவான காட்சியைக் காட்டச் செய்தார். நடுவர்கள் மீண்டும் மீண்டும் பார்த்து, இருவரும் எதிர்ப்பு மனுவின் முடிவுக்குட்பட்டு ஓடலாம் என்றனர். இவ்வளவு குழப்பத்துக்குப் பின்னும் ஜோதி பத்துத் தடைகளையும் தாண்டி 12.91 வினாடியில் மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த வூ யான்னி பின்னர் விலக்கப்பட, ஜோதிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

இதில் அறிய வேண்டியது யாது? ஜோதியும் அசைந்தது உண்மை. ஆனால் ஒருவர் முந்தினால் பக்கத்திலிருப்பவரும் இழுபட்டு எழுவது மனித இயல்பு என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. முந்துபுறப்பாட்டுக்குக் காரணமானவரை மட்டுமே தண்டிக்க வேண்டும் என்று நடுவருக்கு அறிவுரையும் கூறுகிறது. யார் எந்தக் கணத்தில் எழுந்தார் என்பதைக் கருவி சொல்லும். யாரால் யார் எழுந்தார் என்பதைக் கருவி சொல்லாது. அதைக் காட்சியைப் பார்த்து மனிதரே துணிய வேண்டும்.

பிறர் முந்தியதன் விலையைக் குற்றமற்றவரும் கொடுக்க நேர்வதுண்டு. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்று ஒரு முந்துபுறப்பாட்டால் கலைந்து மறுபடி தொடங்கியது. முதன்முறை நன்றாக எழுந்த உஷா, மறுமுறை சற்றே பிந்தி எழுந்தார் என்பர். ருமேனியாவின் கொஜோகாருவுக்கு 55.41 வினாடி, உஷாவுக்கு 55.42. வெண்கலம் கைநழுவியது. நூற்றில் ஒரு பங்கு வினாடியில் ஓசை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்றரை மீட்டர். மூன்று ஓடுபாதைகளின் அகலம்கூட இல்லை.

இனி நம் மைதானத்துக்கு வருவோம். குறுவட்டப் போட்டியிலோ மாவட்டப் போட்டியிலோ விசையளக்கும் கட்டை ஏது? சுண்ணாம்புக் கோடு, வெறுங்கால், இரண்டு பலகைகளை ஓங்கித் தட்டும் 'கிளாப்பர்'. அவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு போட்டியில், சத்திரப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி முதற் பாதையில் நின்றாள். பேண்டேஜ் துணி நெய்யும் குடும்பத்துப் பெண். தொடக்க நடுவர் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்று பலகையைத் தட்டினார். அவள் மற்றவர்களுக்கு முன் எழுந்தாள். ஊதல் ஒலித்தது, அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு அவளுக்கு. மாநிலப் போட்டிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று எண்ணியிருந்தாள். மைதானத்து வேப்பமரத்தடியில் அவள் தந்தை ஒன்றும் பேசாமல் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டதை நான் மறக்கவில்லை.

அவள் ஓசைக்கு முந்தினாளா? அந்நடுவரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயின் அவர் கண்டது என்ன? ஓர் ஓட்டக்காரி மற்ற ஓட்டக்காரிகளுக்கு முந்தியதையே கண்டார். விதி கேட்பதோ, ஓசைக்கு முந்தினாளா என்பதை. இவ்விரண்டும் ஒன்றல்ல. பலகைக்கு மிக அருகில் இருந்தவள் அவள். எட்டாம் பாதைக்காரியைவிட 0.024 வினாடி முன்னதாகக் கேட்டவள். அன்றியும் மிக உரக்கக் கேட்டவள். உரத்த ஓசைக்கு உடம்பு விரைவாகத் துள்ளுகிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆகவே அவள் விதிக்குள் நின்றே மற்றவர்களுக்கு முன் எழுந்திருக்கலாம். தவிர, தோள் அசைந்ததோ உடல் நடுங்கியதோ இன்றைய விதிப்படி முந்துபுறப்பாடு ஆகாது. கால் கட்டையை விட்டோ, கை தரையை விட்டோ நீங்குவதில் முடியும் அசைவே அப்பெயர் பெறும். இவற்றையெல்லாம் வெறுங்கண் அக்கணத்தில் பிரித்தறியுமா?

இதற்கு இலட்சக்கணக்கில் செலவு வேண்டுவதில்லை. மெதுவாக ஓடும் படம் எடுக்கும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. வினாடிக்கு 240 படங்கள் எடுப்பவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.004 வினாடிக்குச் சற்றே மிகுதி. 0.100 வினாடி என்பது சரியாக 24 படங்கள். புறப்படும் கோடும் கிளாப்பர் பலகையும் ஒரே காட்சிக்குள் அடங்குமாறு கைப்பேசியை ஒரு முக்காலியில் பொருத்துங்கள். பலகைகள் ஒன்றோடொன்று சேர்ந்த படத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். ஓசை ஓடுபவரின் காதை எட்டப் பிடிக்கும் படங்களைக் கழித்துவிட வேண்டும். எட்டரை மீட்டருக்கு அது ஆறு படங்கள். இது சான்று பெற்ற கருவிக்கு ஈடாகாதுதான். விசையை அளக்காமல் அசைவையே காண்பதால், உண்மையைவிடச் சற்றுப் பிந்திய நேரத்தையே இது காட்டும். ஆனால் ஓசைக்கும் ஒருவருடைய காலுக்கும் இடையிலுள்ள உறவை இது சொல்லும். கண் அதைச் சொல்லாது.

படம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது மற்றொன்றும் உண்டு. அதற்குச் செலவே இல்லை. நடுவர் முதற் பாதையை ஒட்டி நிற்பதை விட்டு, எட்டுப் பாதைகளின் நடுவுக்கு நேராகக் கோட்டுக்குப் பத்து மீட்டர் பின்னால் நின்று தட்டட்டும். அங்கிருந்து நடுப் பாதைக்குத் தொலைவு பத்து மீட்டர் என்றால், ஓரப் பாதைக்கு 10.9 மீட்டர். வேறுபாடு முக்கோணத்தின் கர்ணத்துக்கும் செங்குத்துக்கும் உள்ள வேறுபாடே; ஒன்பதாம் வகுப்பு மாணவன் கணக்கிட்டுவிடுவான். 0.024 வினாடியாக இருந்த ஏற்றத்தாழ்வு 0.003-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கைப்பேசியில் ஒரு படம்கூட அன்று. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு எட்டுப் பேரின் குதிகால்களும் ஒரே வரிசையில் தெரியும். கைவிரல்கள் கோட்டைத் தொடுகின்றனவா என்று பார்க்கப் பக்கத்தில் உதவி நடுவர் ஒருவர் நின்றால் போதும். மண் தரையாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: பின்னங்கால் உதைக்கும்போது குதிகாலடியில் புழுதி எழும். படத்தில் அப்புழுதி முதலில் தோன்றும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.